ரசிகன் எழுதிய வரலாறு

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊராகிய மேல்சித்தாமூர். தமிழ்நாட்டுச் சமணர்களின் மடம் அமைந்த ஊர் என்ற அளவில் நேயர்களில் பலர் அதன் பெயரைக் கேட்டிருக்கக் கூடும். சென்னை மயிலாப்பூரில் இருந்த நேமிநாதர் திருவுருவத்தை, கடல் ஊரை அரித்துவிடுமோ என்று அஞ்சிய அடியார்கள் முன்னொரு காலத்தில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ஆகவே, கடற்கரைப் பட்டினத்தில் நிலைக்காது என்று தோன்றிய ஒன்றை உள்நாட்டுச் சிற்றூர் ஒன்று காப்பாற்றி வைப்பது எங்களுக்குப் புதிதன்று. அவ்வாறு காப்பாற்றப்பட்ட வேறொரு பொருளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது தெய்வத் திருவுருவமும் அன்று, ஓலைச்சுவடியும் அன்று. ஒரு கிரிக்கெட் ரசிகர் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம்.

அந்த ரசிகர் என் பெரியப்பா. திண்டிவனத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்தவர். நிலமும் நெற்களமும் போக மீதி நேரம் முழுவதையும் அவர் கிரிக்கெட்டுக்குத் தந்தார். தம் வாழ்நாளில் ஒருமுறைகூட மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ஆயினும், சென்னை அணி எந்த ஆண்டில் எந்த ஊரில் யாரிடம் தோற்றது என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அக்காலத்தில் ஓர் ஆட்டத்தின் முடிவு எங்கள் ஊருக்கு வந்து சேருவதே ஒரு பயணம். பத்திரிகை சென்னையிலிருந்து இரயிலில் திண்டிவனம் வரும். அங்கிருந்து பஸ்ஸில் ஏறி, கிளைச்சாலையில் சைக்கிளில் இறங்கி, பெரும்பாலும் பிற்பகலில் எங்கள் திண்ணைக்கு வரும். முந்தைய நாளின் ஆட்டம் அதற்குள் பழங்கதை ஆகியிருக்கும். ஆனால் பெரியப்பாவுக்கு அது சுடச்சுட வந்த செய்தி. பஞ்சாயத்து வானொலி வந்த பிறகு நிலைமை மாறியது. ஆட்ட வருணனை ஆங்கிலத்தில் வரும். பெரியப்பா பெட்டியின் அருகில் அமர்ந்து, கூடியிருப்பவர்களுக்கு உடனுக்குடன் தமிழில் சொல்லுவார். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் அவருடைய கையும் வேலியைத் தாண்டும். பின்னாளில் அப்துல் ஜப்பார் முதலியோர் வானொலியில் தமிழிலேயே கிரிக்கெட்டை வருணித்தபோது நாடே வியந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும், “இதை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம்” என்று சொல்லிக் கொண்டார்கள்.

ஆட்டம் மாலையில் முடியும். எங்கள் வீட்டில் சூரியன் மறையுமுன் உணவு கொள்ளுவது வழக்கம். உண்டு முடித்ததும் பெரியப்பா நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். தேதி, மைதானம், ஓட்டங்கள், விக்கெட்டுகள், இறுதியில் ஒரே ஒரு வரியில் தம் கருத்து, அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகை வந்ததும் அதைப் பார்த்துத் திருத்துவார். திருத்தம் எப்போதும் சிவப்பு மையில் இருக்கும். பிழையான எண்ணை அவர் அழிப்பதில்லை. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவார். “நான் தப்பாகக் கேட்டதும் நடந்ததுதானே?” என்பார்.

இத்தகைய கணக்கு எழுதும் பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் என்பது நமக்குக் கிரிக்கெட் போன்றது. அங்கே ஒவ்வொரு பெருநகரத்துக்கும் தொழில்முறை அணி உண்டு. அந்த அணியின் அன்றாடச் செய்தியைப் படிக்காமல் காலைக் காப்பி குடிக்காத குடும்பங்கள் பல உண்டு. அந்த ஆட்டத்தின் கணக்கைப் பத்திரிகையில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் முறையைப் பரப்பியவர் ஹென்றி சாட்விக் என்பவர். அவர் 1824-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் முதலில் கிரிக்கெட் செய்திகளை எழுதிவந்தவர். கிரிக்கெட்டின் கணக்குப் பட்டியலைக் கண்டு பழகிய கண்ணே பேஸ்பாலுக்கும் ஒரு பட்டியலைத் தந்தது.

1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகர வானொலி நிலையம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை முதன்முதலாக ஒலிபரப்பியது. அதன் பிறகும் பல ஊர் நிலையங்கள் மைதானத்துக்கு ஆள் அனுப்ப வசதியற்று, தந்தியில் வரும் சுருக்கமான குறிப்பை வைத்துக்கொண்டே ஆட்டத்தை நேரில் பார்ப்பதுபோல் வருணித்தன. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரோனால்டு ரீகன் 1930-களில் செய்த வேலை அது. ஒருநாள் தந்தி அறுந்துபோயிற்று. அவர் அஞ்சாமல், மட்டைக்காரர் பந்தை மீண்டும் மீண்டும் எல்லைக்கு வெளியே தட்டிவிடுவதாகக் கற்பனையாகச் சொல்லிச் சில நிமிஷங்களைக் கடத்தினாராம். இதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் அன்று அந்த வானொலியைக் கேட்டுக் குறிப்பெழுதிய சிறுவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் நோட்டில் நடவாத பந்துகள் அல்லவா வரலாறாகப் பதிந்திருக்கும்? ரசிகனின் வரலாற்றுக்கு உள்ள அபாயம் இதுதான். அன்பு மிகுந்த இடத்தில் கற்பனை எளிதில் நுழைந்துவிடும்.

இனி, நம் சென்னைக்கு வருவோம். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி சேப்பாக்கத்தில் ஆடியதே சென்னையின் முதல் டெஸ்டு ஆட்டம். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் அதே மைதானத்தில் நடைபெற்றது. சென்னையும் மைசூரும் மோதின. முதற் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களுக்கும் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது, ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. பெரியப்பாவின் நோட்டில் இது முதற் பக்கம். அவர் அன்று சிறுவர். பின்னர் கேட்டறிந்து எழுதியது என்று தலைப்பிலேயே குறித்திருக்கிறார்.

நோட்டின் மிக அழகிய பக்கம் 1952-ஆம் ஆண்டுக்கு உரியது. பிப்ரவரி 6-ஆம் நாள் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்டு தொடங்கியது. அன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தி வந்தது. மறுநாள் ஓய்வு நாள் ஆக்கப்பட்டது. வினூ மன்காட் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 53 கொடுத்து 4 விக்கெட்டுகளையும் எடுத்தார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தார்கள். 10-ஆம் நாள், ஹஸாரே தலைமையில் இந்தியா ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. 1932-ஆம் ஆண்டு முதல் ஆடி வந்த இந்தியாவுக்கு அது 25-ஆவது டெஸ்டு, முதல் வெற்றி. இத்தனைக்கும் பெரியப்பா எழுதிய கருத்து ஒரே வரி: “ஞாயிற்றுக்கிழமை. களத்தில் நெல் கிடந்தது. யாரும் தூற்றவில்லை.”

மூன்று ஆண்டு கழித்து, 1955-இல், பாலு அழகண்ணன் தலைமையில் சென்னை அணி இந்தூரில் ஹோல்கர் அணியை வென்று முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது. அழகண்ணன் பின்னர் வானொலி வருணனையாளராகவும் விளங்கினார். அடுத்த முறை அக்கோப்பை தமிழ்நாட்டுக்கு வர 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாசுதேவன் தலைமையில் அந்த வெற்றி கிடைத்தபோது பெரியப்பா இல்லை. அவருடைய நோட்டில் எஞ்சியிருந்த வெற்றுத்தாளில் அதை நான் எழுதினேன்.

இங்கே நான் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1967-ஆம் ஆண்டு சனவரியில், சென்னையில் படித்துக்கொண்டிருந்த நான் முதன்முதலாகச் சேப்பாக்கத்துக்குச் சென்றேன். மேற்கிந்தியர் ஆட்டம். ஃபரூக் எஞ்சினியர் முதல் நாள் பகலுணவுக்கு முன்பே 94 ஓட்டங்கள் குவித்ததைக் கண்ணாரக் கண்டேன். அன்று முதல் சென்னையின் கிரிக்கெட் என்றால் என் மனத்தில் சேப்பாக்கம் என்ற ஒரே சொல்தான். பின்னர் ஆசிரியனானேன். 1970-களில் ஒருநாள், மாணவர்களுக்கு வினாப் போட்டி நடத்தினேன். ஒரு வினா: “மன்காட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்த மைதானம் எது?” சேப்பாக்கம் என்பதே நான் வைத்திருந்த விடை. ஒரு பையன் மட்டும் “கார்ப்பரேஷன் ஸ்டேடியம்” என்று எழுதியிருந்தான். தவறு என்று போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவன் பரிசை இழந்தான். “சார், எங்கப்பா சொன்னாரு” என்று ஏதோ சொல்ல வந்தான். “கிரிக்கெட்டைப் பற்றி எனக்கா சொல்லித் தருகிறாய்?” என்று அடக்கிவிட்டேன்.

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அந்த நோட்டு என் கைக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டுப் பக்கம். நியூசிலாந்துடன் ஆட்டம். மன்காட் 231, ராய் 173, இருவரும் சேர்ந்து 413. இடம்: “சேப்பாக்கம்” என்று முதலில் எழுதி, சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் “கார்ப்பரேஷன் ஸ்டேடியம்” என்று திருத்தியிருந்தார். ஆம்; அந்த ஆண்டு முதல் சில ஆண்டுகள் சென்னையின் டெஸ்டு ஆட்டங்கள் சென்டிரல் இரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள அந்த மைதானத்திலேயே நடைபெற்றன. பின்னர் நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்றது அதுவே. 1967-இல்தான் டெஸ்டு ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பிற்று. நான் கண்ட முதல் ஆட்டமே அந்தத் திரும்புதலின் ஆட்டம். அதனாலேயே, அதற்கு முன்பும் அங்கேதான் எல்லாம் நடந்திருக்கும் என்று நம்பிவிட்டேன்.

அந்தப் பையன் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டான். முகவரி தேடி ஒரு கார்டு எழுதினேன்: “நீ எழுதியது சரி, நான் போட்டது தப்பு.” பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவன் தந்தை அந்த ஆண்டு சென்னையில் கொத்து வேலைக்குப் போயிருந்தவராம். ஒருநாள் கூலியை இழந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவராம். “அப்பாவிடம் கார்டைப் படித்துக் காட்டினேன், சார். இன்னொரு முறை படி என்றார்” என்று எழுதியிருந்தான். அந்தக் கார்டையும் நோட்டின் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். 413 ஓட்டங்கள் என்ற அந்தச் சாதனை 52 ஆண்டுகள் நின்று, 2008-இல் தென்னாப்பிரிக்கர் இருவரால் முறியடிக்கப்பட்டது. ஒரு கூலியாளின் நினைவு ஓர் ஆசிரியரின் அகந்தையைவிட உறுதியானது என்பதை எனக்குக் கற்பித்தது அந்த எண்.

அதே 2008-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டுக் கிரிக்கெட்டில் பெரிய மாறுதல் ஒன்று நேர்ந்தது. மாகாணத்துக்காக ஆடிய அணிகளோடு, உரிமையாளர்களுக்குச் சொந்தமான தொழில்முறை அணிகளும் தோன்றின. சென்னைக்குச் சூப்பர் கிங்ஸ் அணி வந்தது. முதல் ஏலத்தில் மிக அதிக விலையாகிய 15 இலட்சம் டாலருக்கு மகேந்திர சிங் தோனியைச் சென்னை எடுத்தது. ராஞ்சியில் பிறந்தவரை நம் இளைஞர்கள் ‘தல’ என்று அழைத்தார்கள். ஏலத்தில் வாங்கிய அணி எவ்வாறு நம் அணியாகும் என்று என் போன்ற முதியவர்கள் கேட்டோம். அமெரிக்காவில் இக்கேள்விக்கு வயது அதிகம். 1957-ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தோடு புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியை அதன் உரிமையாளர் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அணி போயிற்று, ஆனால் அதன் கதை புரூக்ளின் ரசிகர்களிடமே தங்கிற்று. உரிமையாளனால் விற்க முடிந்தது ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை மட்டுமே, நினைவை அன்று.

சென்னை அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் தோனியின் தலைமையில் கோப்பையை வென்றது. 2018-ஆம் ஆண்டு காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டுமே நடந்து, மற்றவை புனாவுக்கு மாற்றப்பட்டன. அப்போது சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி இரயில் ஏறிச் சென்னையிலிருந்து புனாவுக்குச் சென்றார்கள். 2023-இல் அகமதாபாத்தில் இறுதி ஆட்டம் மழையால் நள்ளிரவைக் கடந்தது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். என் பேரன் அந்த அகாலத்தில் போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது.

அவனும் குறிப்பெழுதுகிறவன். நோட்டில் அன்று, கைபேசியில். அணியின் செய்தி அவனுக்கு மணிக்கு ஒருமுறை வருகிறது. யாருக்கு முழங்கால் வலி, யார் பயிற்சிக்கு வந்தார் என்பது வரை அறிவான். ஒருநாள், “தாத்தா, அணியின் முழு வரலாறும் எழுதி முடித்துவிட்டேன்” என்று கொடுத்தான். படித்தேன். 2015-க்குப் பிறகு நேரே 2018 வந்தது. “இடையில் இரண்டு வருஷம் எங்கே, தம்பி?” என்று கேட்டேன். “அப்போ நம்ம டீம் ஆடல, தாத்தா. அதனால ஒண்ணும் இல்ல” என்றான்.

ஆடவில்லை என்பது உண்மை. ஏன் ஆடவில்லை என்பதை அவன் விட்டுவிட்டான். 2013-ஆம் ஆண்டில் வெடித்த பந்தயச் சூதாட்ட முறைகேட்டை விசாரித்த பின், உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு 2015 சூலையில் சென்னை, ராஜஸ்தான் ஆகிய இரு அணிகளையும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குச் சிதறினார்கள். இது நேர்ந்தது.

அமெரிக்காவிலும் இத்தகைய களங்கம் உண்டு. 1919-ஆம் ஆண்டு உலகத் தொடரில் வேண்டுமென்றே தோற்கப் பணம் பெற்றதாகச் சிகாகோ அணியின் எட்டு ஆட்டக்காரர்கள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1921-இல் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஆயினும் பேஸ்பால் நிருவாகம் எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கியது. நூறாண்டு கடந்தும் அந்தச் செய்தியை அந்நகர ரசிகர்கள் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். அதனால் அணியின் மேல் அவர்களுக்குள்ள அன்பு குறைந்துவிடவும் இல்லை.

என் பேரனுக்கு நான் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. பெரியப்பாவின் நோட்டை எடுத்து 1958, 1959 ஆண்டுகளின் பக்கங்களைத் திறந்து கொடுத்தேன். மேற்கிந்தியர் தொடர். ஐந்து டெஸ்டுகளுக்கு இந்தியாவுக்கு நான்கு தலைவர்கள், மூன்று தோல்விகள், வெற்றி ஒன்றுமில்லை. சென்னை ஆட்டத்துக்கு முந்திய வேளையில் உம்ரிகர் தலைமையைத் துறந்தது முதல் 295 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது வரை எல்லாம் அதே நிதானமான கையெழுத்தில் இருக்கின்றன. 1952-இன் வெற்றிக்கு எத்தனை வரியோ, இந்தத் தோல்விக்கும் அத்தனை வரி. பேரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “பெரிய தாத்தாவுக்கு எழுதக் கை வந்துச்சா?” என்று கேட்டான். “வந்திருக்கிறதே” என்றேன்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்ற சிறு மலை இருக்கிறது. சந்திரநந்தி என்னும் சமணத் துறவி அங்கே உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைப் பாறையில் பொறித்திருக்கிறார்கள். எத்தனை நாள் என்பதும் அதில் உண்டு: 57 நாள். துறவியின் நோன்பையும் ஆட்டக்காரனின் ஓட்டத்தையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கியவன் ஐம்பத்தேழை அறுபதாகப் பெருக்கிப் பெருமை சேர்க்கவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். எண்ணைச் சரியாகச் சொல்வதே போற்றுதல் என்று அவன் அறிந்திருந்தான்.

நல்ல ரசிகன் எவ்வாறு இருப்பான் என்பதை 1999-ஆம் ஆண்டு சனவரியில் சேப்பாக்கம் உலகுக்குக் காட்டியது. பாகிஸ்தானுடன் டெஸ்டு, டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் அடித்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. கண்ணீரோடு இருந்த கூட்டம், வென்ற பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றிவந்தபோது எழுந்து நின்று கைதட்டியது. நடந்ததை நடந்தவாறே ஏற்றுக்கொள்ளுவதும், தோல்வியைத் தோல்வி என்று எழுதுவதும் ஒரே மனத்தின் இரண்டு செயல்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டியின் அடியில் இத்தகைய நோட்டு ஒன்று கிடக்கலாம். ஆட்டக் கணக்குத்தானே என்று பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திறந்து பாருங்கள், அதில் சிவப்பு மைத் திருத்தம் இருந்தால் இன்னும் பத்திரமாக வையுங்கள்.

என் பேரன் தன் வரலாற்றில் இப்போது 2016, 2017 என்று இரண்டு தலைப்புகள் சேர்த்திருக்கிறான். ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிகள் இருக்கின்றன. படித்தேன், எண்களும் காரணமும் சரியாக இருந்தன.